தென்னாபிரிக்க மாதரும் மூன்று பிணிகளும்

அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டுமன்றி, நோய்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு கல்வெட்டுகளில் பொறிக்கப்படுவதில்லை. வைத்தியசாலைப் பதிவேடுகளிலும், சுரங்கக் கூலிக் கணக்குகளிலும், மக்கள் பிழைப்புத் தேடி நடந்த வழிகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. அதனைத் தேடி எடுத்துச் சேர்த்துப் படிக்கும் பொறுமை சிலருக்கே வாய்க்கிறது.

அத்தகைய பொறுமை வாய்ந்த இரு வைத்தியர், சிட்னி கார்க்கும் அவர் மனைவி எமிலி கார்க்கும், 1940 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்தில் போலேலா என்னும் சிற்றூரில் ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கினர். சூலு மக்கள் வாழும் ஒதுக்கு நிலப் பகுதி அது. நோயாளர் தம்மை நாடி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வூரிலேயே சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பினர். எவ்வீட்டில் எத்தனை பேர், என்ன உண்கின்றனர், எவர் வேலைக்காக ஊரைவிட்டுச் சென்றிருக்கின்றனர், எக்குழந்தை எந்நோயால் இறந்தது என்பனவெல்லாம் எழுதப்பட்டன. காய்கறித் தோட்டம் போடவும் குடும்பங்களுக்குக் கற்பித்தனர்.

இக்கணக்கெடுப்பில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஊர் எல்லையைத் தாண்டி அறியாத குடும்பப் பெண்களிடையே சிபிலிஸ் என்னும் கிரந்தி நோய் மலிந்து கிடந்தது. 1949 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க மருத்துவ சஞ்சிகையில் இதனை ஆராய்ந்து கார்க் ஒரு கட்டுரை எழுதினார். நோயின் வேர் அப்பெண்களின் ஒழுக்கத்தில் இல்லை, நாட்டின் பொருளாதார அமைப்பில் இருக்கிறது என்பதே அவர் கண்ட முடிவு.

அஃது எவ்வாறு என்று கேட்பீர்கள். 1913 ஆம் ஆண்டின் காணிச் சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கையே ஆபிரிக்க மக்களுக்கு ஒதுக்கியது. உழுதுண்ண நிலம் போதாத ஆடவர் பொன் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் சென்றனர். மனைவி மக்களை உடனழைத்துச் செல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஆடவர் மட்டுமே தங்கும் விடுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்து, உழைத்த பணத்தோடு ஊர் திரும்பினர். பணத்தோடு நோயும் திரும்பியது. மருந்தினால் ஒருவரைக் குணப்படுத்தலாம். கணவனையும் மனைவியையும் பிரித்து வைக்கும் தொழில்முறை தொடருமாயின் நோயும் தொடரும் என்று கார்க் உணர்ந்தார்.

போலேலாவின் முறை அரசினரின் கவனத்தையும் ஈர்த்தது. 1942 முதல் 1944 வரை ஆராய்ந்த குளுக்மன் ஆணைக்குழு, நாடெங்கும் இத்தகைய நிலையங்கள் நானூறு வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆனால் எழுந்தவை ஏறத்தாழ நாற்பதே. 1948 இல் நிறவொதுக்கல் கொள்கையினர் ஆட்சிக்கு வந்தபின் அவற்றுக்கும் ஆதரவு வற்றியது. கார்க் தம்பதியர் 1958 இல் நாட்டைவிட்டு வெளியேறினர். ஒரு நல்ல வித்து முளைத்த இடத்திலேயே கருகிற்று.

நேயர்களே, நோயின் வழியை இதுவரை கண்டோம். அதனோடு இணைந்து நடந்த மற்றிரு துன்பங்களையும் இனிக் காண்போம். ஒன்று மது, மற்றொன்று வீட்டுக்குள்ளே நிகழும் அடி உதை.

இறுங்குத் தானியத்தை ஊறவைத்து வடிக்கும் பியர் சூலு மக்களின் பழைய பானம். அதனை வடிப்பது பெண்களின் கைப்பணி. சடங்குகளிலும் விருந்துகளிலும் வழங்கிய இப்பானம் நகரங்களில் ஏழைப் பெண்களுக்குப் பிழைப்புமாயிற்று. 1908 ஆம் ஆண்டில் நேற்றால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி டேர்பன் மாநகரசபை இப்பானத்தை வடித்து விற்கும் தனியுரிமையைத் தானே எடுத்துக்கொண்டு தவறணைகளைத் திறந்தது. ஆபிரிக்கத் தொழிலாளர் குடித்த காசிலிருந்து அவர்களை ஆளுவதற்கான செலவு பெறப்பட்டது. இது 'டேர்பன் முறை' என்று பெயர் பெற்றுப் பிற நகரங்களுக்கும் பரவியது. வீட்டிலே வடித்த பெண்களோ குற்றவாளிகளாயினர். பொலிசார் அவர்களின் பானைகளை உடைத்துப் பானத்தைத் தரையில் ஊற்றினர்.

பெண்கள் வாளாவிருக்கவில்லை. 1929 ஆம் ஆண்டிலே நேற்றாலின் பல ஊர்களில் அவர்கள் கூட்டமாகச் சென்று நகரசபைத் தவறணைகளைத் தாக்கினர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1959 ஜூன் மாதத்தில், டேர்பன் நகரின் கேற்றோ மனரில் பெண்கள் மீண்டும் தவறணைகளுள் புகுந்து குடித்துக்கொண்டிருந்த ஆடவரை வெளியே துரத்தினர். கணவன்மாரின் கூலி வீடு வந்து சேருமுன் தவறணையில் கரைகிறது என்பதும், தாம் வடித்தால் மட்டும் சிறையா என்பதும் அவர்களின் முறைப்பாடுகளாக இருந்தன.

நாட்டின் மறுகோடியில், கேப் மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில், இன்னொரு கொடுமை நிலவிற்று. தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடாமல் மலிந்த வைனாகவே அளந்து கொடுக்கும் வழக்கம் அது. 'டொப் முறை' என்பர். நாள்தோறும் பல வேளை அளக்கப்பட்ட அம்மதுவினால் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அடிமைப்பட்டனர். 1960களில் சட்டம் அதனைத் தடுத்த பின்னும் பல தோட்டங்களில் அது நெடுங்காலம் நீடித்தது. தாயின் குடியால் கருவிலேயே ஊனமுறும் குழந்தைகள் உலகிலே மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களுள் அப்பகுதியும் ஒன்றாயிற்று.

மூன்றாவது துன்பத்துக்குச் சட்டமே துணை நின்றது. 1927 ஆம் ஆண்டின் ஒரு சட்டம், மரபுவழி மணம் புரிந்த ஆபிரிக்கப் பெண்ணை வயது வராதவளாகவே கருதிக் கணவனின் காப்பில் வைத்தது. மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தல் 1993 வரை அந்நாட்டில் குற்றமாக எண்ணப்படவில்லை. குடும்ப வன்முறைக்கெதிராக விரிவான சட்டம் 1998 இலேயே பிறந்தது. மரபு மணத்து மனைவியைக் கணவனோடு சமமாக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது.

இவ்வாறு கணவனைப் பிரித்த சுரங்கமும், கூலியை விழுங்கிய தவறணையும், மனைவியைச் சிறுமியாக்கிய சட்டமும் முக்கால் நூற்றாண்டு சேர்ந்து பாதை அமைத்து வைத்தன. அப்பாதையிலே எச்.ஐ.வி. என்னும் நச்சுக்கிருமி வந்து சேர்ந்தது.

1981 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து ஆடவரிடம் கண்ட அபூர்வ நோய் பற்றிய சிறு குறிப்பே எயிட்ஸ் வரலாற்றின் முதல் ஏடு. ஆதலால் அது ஆடவர் நோய் என்றே உலகம் நெடுநாள் எண்ணியது. 1983 ஜனவரியிலேயே நோயுற்ற ஆடவரின் துணைவியரிடம் அது காணப்பட்டதாக நியூயோர்க்கிலிருந்து செய்தி வந்தது. எனினும் பெண்களுக்கே உரிய அடையாளம் ஒன்று, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், அமெரிக்க அரசின் நோய் வரையறையிலே சேர்க்கப்பட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரையறைக்குள் அடங்காத பெண்களுக்கு உதவிப் பணமும் மறுக்கப்பட்டது. சிறையிருந்து மீண்ட கத்ரீனா ஹஸ்லிப் என்னும் பெண்மணி இதற்காகப் போராடியவர்களுள் ஒருவர். வரையறை மாறுவதற்குச் சில வாரங்கள் முன்னர், 1992 டிசம்பரில், அவர் காலமானார்.

தென்னாபிரிக்காவிலே முதல் நோயாளர் 1982 இல் அறியப்பட்டனர். 1990 இல் அரசு வைத்திய நிலையங்களுக்கு வந்த கருவுற்ற பெண்களிடையே இக்கிருமி நூற்றுக்கு ஒருவரிலும் குறைவாகவே இருந்தது. 2005 இல் அது நூற்றுக்கு முப்பதைக் கடந்தது. பதினைந்து ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

அரசினரும் வெளிநாட்டு உதவியாளரும் அக்காலத்தில் மக்களுக்குச் சொன்ன அறிவுரை மூன்று சொற்களில் அடங்கும்: விலகியிருங்கள், ஒருவருக்கு ஒருவர் உண்மையாயிருங்கள், ஆணுறை அணியுங்கள். கேட்பதற்கு நன்று. ஆனால் ஒரு பெண்ணின் நிலையில் நின்று பாருங்கள். அவள் உண்மையாயிருந்தும் கணவன் அவ்வாறிராவிடில் அவள் கற்பு அவளைக் காக்காது. ஆணுறை அணிபவன் அவன். கேட்பவள் மட்டுமே அவள். கேட்டால் 'என்னைச் சந்தேகிக்கிறாயா?' என்று ஓர் அடி, கேளாவிடில் நோய். அவன் குடித்திருக்கும் இரவிலோ கேட்பதற்கே இடமில்லை. 1998 டிசம்பரில் டேர்பனுக்கு அருகே குவாமாஷூ என்னும் ஊரில் குகு டிலமினி என்னும் பெண் தமக்கு நோய் உண்டென வெளிப்படையாகச் சொன்னதற்காக ஊரவராலேயே அடித்துக் கொல்லப்பட்டார். உண்மை பேசுவதும் உயிருக்கு ஆபத்தாயிருந்தது.

போதை, வன்முறை, எயிட்ஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்று 1990களின் நடுவில் எழுதியவர் மெரில் சிங்கர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். வறிய மக்களிடையே இவை தற்செயலாகச் சந்தித்த மூன்று பிணிகளல்ல. ஒன்று மற்றொன்றை ஊட்டி வளர்க்கும் ஒரே கூட்டுப்பிணி என்றார் அவர். தென்னாபிரிக்காவில் இதற்குச் சான்று 2004 இல் கிடைத்தது. சொவெற்றோவில் கர்ப்பிணி நிலையங்களுக்கு வந்த 1366 பெண்களை ஆராய்ந்தபோது, துணைவனால் துன்புறுத்தப்பட்டவரிடமும் அவன் அதிகாரத்துக்கு முற்றும் கட்டுப்பட்டவரிடமும் கிருமி அதிகம் காணப்பட்டது. கார்க் சொன்னதைப் புள்ளிவிவரம் மீண்டும் சொன்னது.

இனி, இக்கட்டை அவிழ்க்க எடுத்த முயற்சிகள் சிலவற்றைப் பார்ப்போம்.

1998 இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வெண்டி வெக்ஸ்பேர்க் என்னும் ஆய்வாளர், கொக்கெயின் போதையில் வீழ்ந்த கறுப்பினப் பெண்களுக்கென ஒரு திட்டம் தொடங்கினார். பெண்ணுக்குப் பெண் தனியே அமர்ந்து, அவள் வாழ்க்கையை அவள் வாயாலேயே கேட்டு, அடுத்த அடியை அவளே வகுத்துக்கொள்ள உதவும் முறை அது. 620 பெண்கள் இதில் ஆராயப்பட்டனர். எல்லாப் பிரிவினரும் போதையைக் குறைத்தனர். ஆனால் பெண்களுக்கென அமைந்த முறையைப் பெற்றவர்களே வேலையிலும் குடியிருக்கும் வசதியிலும் தொடர்ந்து முன்னேறினர். இத்திட்டம் பின்னர் தென்னாபிரிக்காவுக்கு வந்து பிரிட்டோரியாவிலும் கேப்டவுனிலும் உள்ளூர் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. காலப்போக்கில் பெண்ணோடு மட்டும் பேசினால் போதாதெனக் கண்டு, தம்பதியரை ஒருங்கே அழைக்கும் முறையும் கேப்டவுனின் கயலிற்ஷா குடியிருப்பில் பரீட்சிக்கப்பட்டது.

'மிதிகற்கள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட மற்றொரு முயற்சி உகண்டாவில் பிறந்தது. அலிஸ் வெல்போர்ன் வகுத்த அதன் கைநூல் 1995 இல் வெளிவந்தது. ஒத்த வயதினர், ஆடவர் வேறாகவும் பெண்டிர் வேறாகவும் கூடிப் பேசுவதும் நடித்துக் காட்டுவதும் அதன் முறை. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் 70 ஊர்களில் ரேச்சல் ஜூக்ஸ் தலைமையில் இது பரீட்சிக்கப்பட்டு, முடிவு 2008 இல் வெளியாயிற்று. எச்.ஐ.வி. குறைந்ததென நிறுவ முடியவில்லை. ஆயினும் பாலுறவால் தொற்றும் மற்றொரு கிருமி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. துணைவியரைத் தாக்குவதும் குறைந்ததாக ஆடவரே கூறினர். பெண்களின் நடத்தையிலோ அத்தகைய மாற்றம் தென்படவில்லை. மாற வேண்டியவர் எவர் என்ற வினாவுக்கு இதிலே ஒரு விடை இருக்கிறது.

லிம்போப்போ மாகாணத்தின் செக்குக்குனி பகுதியில் 2001 இல் தொடங்கிய முயற்சி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. சுரங்கங்களை அண்டிய வறண்ட ஊர்கள் அவை. மிக வறிய பெண்களுக்கு அங்கே சிறு கடன் வழங்கப்பட்டது. ஐவர் ஐவராகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நின்றனர். காய்கறி விற்றனர், பழைய உடுப்பு விற்றனர், தையல் தைத்தனர். இரு வாரத்துக்கொரு முறை கடன் தவணை கட்டக் கூடும் அதே கூட்டத்தில், பெண் என்றால் யார், வீட்டில் அதிகாரம் எவரிடம், அடி ஏன் விழுகிறது, நோய் எப்படித் தொற்றுகிறது என்பன பற்றிப் பத்து அமர்வுகள் நடைபெற்றன. பின்னர் அப்பெண்களே ஊருக்குள் சென்று பிறரைத் திரட்டினர்.

எட்டு ஊர்களை ஒப்பிட்டு எழுதிய முடிவு 2006 இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செற்றில் வந்தது. திட்டத்தில் சேர்ந்த பெண்களுக்கு நேர்ந்த வன்முறை இரண்டு ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கையிலே சிறிது பணமும் பக்கத்திலே நான்கு தோழியரும் இருக்கும் பெண்ணை அடிக்க ஓங்கிய கை தயங்கும் போலும். பணம் மட்டும் போதுமா என்று பின்னர் ஆராய்ந்தனர். கடன் மட்டும் பெற்ற ஊர்களில் வீட்டு வரவு உயர்ந்தது, அடி குறையவில்லை. கடனும் கல்வியும் சேர்ந்த இடத்திலேயே இரண்டும் கைகூடின. எனினும் ஊர் இளைஞரிடையே கிருமி பரவுவதை இத்திட்டம் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை என்பதையும் அதை நடத்தியவர்கள் மறைக்கவில்லை.

அப்படியாயின் இவ்வழியால் நோயைத் தடுக்கவே இயலாதா? உகண்டாவின் ராக்காய் மாவட்டம் இதற்கு நம்பிக்கை தரும் பதிலை அளித்தது. எச்.ஐ.வி. பரிசோதனையும் சிகிச்சையும் ஏற்கெனவே நடந்த ஊர்களில், வன்முறைத் தடுப்பையும் அவற்றோடு சேர்த்து 2005 முதல் 2009 வரை நடத்தினர். பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். 2015 இல் வெளியான முடிவின்படி, பெண்கள்மீதான அடியும் குறைந்தது; புதிய தொற்றும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. மருந்தும் மனமாற்றமும் தனித்தனியே நடக்காமல் கைகோத்து நடந்ததே அதன் சிறப்பு.

இதற்கிடையே விஞ்ஞானிகள், கணவனிடம் கேளாமலே பெண் தன்னைக் காத்துக்கொள்ளும் மருந்தைத் தேடி வந்தனர். டேர்பனில் குவாராய்ஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் ஆராய்ந்த ஒரு களிம்பு, தொற்றை நூற்றுக்கு 39 பங்கு குறைத்ததென 2010 இல் செய்தி வந்தது. பின்னைய ஆராய்ச்சியில் அக்களிம்பு தோற்றது. பல பெண்கள் அதனை ஒழுங்காகப் பயன்படுத்த இயலாமற் போனதே முக்கிய காரணம். கணவனின் கண்ணுக்கு மறைத்து வைத்துக் குறித்த வேளையில் எடுத்துப் பூசுவது எளிதன்று. ஒளித்து வைக்க ஓர் இடம் வீட்டில் வேண்டுமே! இறுதியாக 2024 இல், ஆண்டுக்கு இரு முறை மட்டும் ஏற்றும் லெனகபவிர் என்னும் ஊசி மருந்து தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் பரீட்சிக்கப்பட்டது. அதனைப் பெற்ற 2134 இளம் பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை.

இது பெரும் வெற்றி. கணவனுக்குத் தெரியாமலே ஒரு பெண் கிருமியினின்று தப்ப இனி வழியுண்டு. ஆனால் அவ்வூசி ஓங்கிய கையைத் தடுக்காது. கூலியைத் தவறணையிலிருந்து மீட்டு வராது. ஊசி ஏற்றிக்கொண்டு திரும்பும் அவள் அதே வீட்டுக்கே போகிறாள். ஊசிக்குப் பணம் வேண்டும். அதனை ஏற்றும் தாதிக்குச் சம்பளம் வேண்டும். 2025 இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, தென்னாபிரிக்காவில் அவ்வுதவியை நம்பியிருந்த வைத்திய நிலையங்கள் பல மூடப்பட்டன. குளுக்மன் ஆணைக்குழு கேட்ட நானூறு நாற்பதாகச் சுருங்கிய பழைய கதையை இது நமக்கு நினைவூட்டுகிறது.

நேயர்களே, போலேலாவில் வீடு வீடாகச் சென்றவர்கள் நோயாளியிடம் 'நீ ஏன் உன்னைக் காத்துக்கொள்ளவில்லை?' என்று கேட்கவில்லை. 'உன் கணவர் எங்கே? கூலி எவ்வளவு? அடுப்பில் என்ன?' என்றே கேட்டனர். அக்கேள்விகளை மறந்த காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் தம் உயிரால் விலை கொடுத்தனர். அவற்றை மீண்டும் கேட்கத் தொடங்கிய செக்குக்குனியிலும் ராக்காயிலும் துன்பம் சிறிதேனும் தணிந்தது. நல்ல மருந்து கிடைத்துள்ள இந்நாளில் அக்கேள்விகளை நிறுத்திவிடலாகாது. மருந்தைக் கையில் வைத்திருப்பவர் பெண்ணின் கதவைத் தட்டும்போது அவற்றையும் கேட்பாராயின், எண்பது ஆண்டுகளுக்கு முன் போலேலாவில் தொடங்கிய பணி வீண்போகவில்லை என்று வரலாறு எழுதும்.